டப்பாவில் ‘டை’, உள்ளே பெயிண்ட்: காரின் உள்பக்கத்துக்கு எஸ்இஎம் கலர் கோட்

வெயிலில் வெளுத்த டோர் பேட், சாம்பல் பூத்த பில்லர் டிரிம் (கண்ணாடிகளுக்கு நடுவிலுள்ள தூண்களின் மூடி), கை பட்டுப் பட்டு மினுங்கிப்போன கன்சோல். பத்து வயதைத் தாண்டிய காரின் உள்பக்கம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். மாற்றிவிடலாம் என்று எஸ்டீமுக்கோ முதல் சான்ட்ரோவுக்கோ காயலான் கடையில் தேடினால், கிடைக்கும் பேடும் இதே வெயிலைப் பார்த்ததாகத்தான் இருக்கும். அதனால்தான் ஸ்ப்ரே கேனில் வரும் ‘வினைல் டை’, அதாவது ரெக்சின் சாயம், பக்கம் ஆட்கள் போகிறார்கள். அந்த வகையில் அதிகம் பேசப்படுவது அமெரிக்காவின் எஸ்இஎம் நிறுவனம் தயாரிக்கும் கலர் கோட். ஒரு கேனில் 12 அவுன்ஸ், அதாவது 340 கிராம்.

வாங்கலாமா என்பதை முதலிலேயே சொல்லிவிடலாம். ரெக்சின் ஒட்டிய டோர் பேட், பில்லர் டிரிம், சன் வைசர், கன்சோலின் கை படாத பக்கங்கள் ஆகியவற்றுக்குத் தாராளமாக வாங்கலாம். டேஷ்போர்டின் மேல்பக்கத்துக்குக் கறுப்பு அல்லது அடர் சாம்பல் என்றால் மட்டும் சரி. உட்காரும் சீட்டுக்கு வேண்டாம். துணிக்கு வேண்டவே வேண்டாம்.

சாயம் என்றால் நூலுக்குள் இறங்க வேண்டும், வேட்டிக்குக் காவி ஏறுகிற மாதிரி. இந்தக் கேனில் இருப்பது அப்படி இறங்காது. இது வளைந்து கொடுக்கும் ரெசின் கலந்த மெல்லிய லேக்கர். இதிலுள்ள கரைப்பான் ரெக்சினின் மேல்தோலைக் கொஞ்சம் இளக்கும், இளகிய இடத்தில் ரெசின் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். எஸ்இஎம் நிறுவனமே இதற்கு ‘கோட்’ என்றுதான் பெயர் வைத்திருக்கிறது. போட்டி பிராண்டான டூப்ளி-கலர் கேனிலும் ‘வினைல் அண்ட் ஃபேப்ரிக் கோட்டிங்’ என்றே இருக்கும். இன்னொரு பிராண்டான விஎச்டி மட்டும் ‘வினைல் டை’ என்று அச்சிடுகிறது. விற்பவரும் வாங்குபவரும் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டார்கள். சாயம்தானே, துடைத்துவிட்டு அடித்தால் போதும் என்ற நினைப்பு அங்கேதான் வருகிறது. மூன்றாம் மாதம் நகம் பட்டதும் தோல் உரிகிற மாதிரி உரிவதும் அந்த நினைப்பால்தான்.

எதன் மேல் அடிக்கிறோம்

கழற்றிய பாகத்தின் பின்பக்கத்தைப் பாருங்கள். அச்சிலேயே பிளாஸ்டிக்கின் பெயர் பதிந்திருக்கும்: ஏபிஎஸ், பிபி, பிசி கூட்டல் ஏபிஎஸ், சில நேரம் பிபி என்று தொடங்கி ஈபிடிஎம், டி20 என்று நீளும். ஏபிஎஸ் என்றால் கவலை இல்லை, கரைப்பான் அதைக் கடிக்கும். பிபி, அதாவது பாலிபுரொப்பிலீன்தான் தலைவலி. பக்கெட்டும் குடமும் செய்கிற அதே குடும்பம். அதன் மேல் எதுவும் ஒட்டாது, கரைப்பானும் கடிக்காது. பில்லர் டிரிம், கதவின் கீழ்ப்பகுதி, டிக்கியின் ஓரங்கள் பெரும்பாலும் பிபிதான்.

எழுத்து இல்லாத பாகத்துக்குத் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்க்கும் வழியைப் பலர் சொல்வார்கள். ஏபிஎஸ் மூழ்கும், பிபி மிதக்கும் என்பது உண்மை. ஆனால் டி20 என்றால் அந்த பிபியில் 20 சதவீதம் டால்க் கலந்திருக்கிறது என்று பொருள். அந்தக் கனத்தில் அதுவும் மூழ்கிவிடும். மூழ்கியதை ஏபிஎஸ் என்று நம்பி நேராக அடித்தால் உரியத்தான் செய்யும். சந்தேகம் இருந்தால் பிபி என்றே வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். பிடிப்பைக் கூட்டும் பிரமோட்டர் ஒரு கோட் கூடுதலாகப் போகும், வேறு நஷ்டம் இல்லை.

இன்னொரு வகை, தொட்டால் பிசுபிசுக்கும் பட்டன்களும் டிரிம்களும். 2000-களில் வந்த பல ஐரோப்பியக் கார்களில் ரப்பர் மாதிரி மெத்தென்று இருக்கட்டும் என்று ஒரு பாலியூரித்தேன் பூச்சு கொடுத்தார்கள். நம் ஊர் ஈரக்காற்றில் அது சிதைந்து ஜவ்வாகிவிடும். அதன் மேல் எந்த ஸ்ப்ரேயும் நிற்காது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் அந்தப் பூச்சை அடிவரை தேய்த்து எடுத்த பிறகே மற்ற வேலை.

கழுவுதலில்தான் பாதி நாள்

கழற்றாமல் காருக்குள்ளேயே மாஸ்கிங் டேப் ஒட்டி அடிப்பது பெரிய தப்பு. பறக்கும் துகள் கண்ணாடி, ரூஃப் துணி, சீட் என்று எல்லா இடத்திலும் உட்காரும். கேனைத் தள்ளும் வாயுவும் கரைப்பானும் தீப்பிடிக்கக்கூடியவை. மூடிய காருக்குள் சேர்ந்தால் ஒரு சின்னப் பொறி போதும். டோர் பேடைக் கழற்றக் கால் மணி நேரம் ஆகும். கைப்பிடியின் குழிக்குள்ளும் ஆர்ம் ரெஸ்டின் அடியிலும் ஸ்க்ரூ, சுற்றிலும் அழுத்தக் கிளிப்கள். பழைய கிளிப்பில் நாலில் ஒன்று உடையும், பத்துப் பன்னிரண்டு புதுசு முன்கூட்டியே வாங்கி வையுங்கள். மாருதி 800 மாதிரி கையால் சுற்றும் கண்ணாடி என்றால் அந்தக் கைப்பிடியில் ஸ்க்ரூ தெரியாது. பின்னால் ஒரு கம்பி கிளிப் இருக்கும். கைப்பிடிக்கும் பேடுக்கும் நடுவே ஒரு துணிப்பட்டையை விட்டு, ரம்பம் இழுப்பதுபோல இரண்டு பக்கமும் மாறி மாறி இழுங்கள். துணியின் நூல் கிளிப்பைக் கவ்வி வெளியே தெறிக்க வைக்கும். இன்னொரு கையை மேலே மூடி வையுங்கள், இல்லாவிட்டால் கிளிப் சீட்டுக்கு அடியில் போய்விடும்.

பாத்திரம் தேய்க்கும் லிக்விட், வெதுவெதுப்பான தண்ணீர், நைலான் பிரஷ். டெக்ஸ்சர், அதாவது மேற்பரப்பில் பதிந்த மேடுபள்ளம், அந்தப் பள்ளத்துக்குள் இருக்கும் அழுக்குதான் எதிரி. பிரஷ்ஷை நாலு திசையிலும் ஓட்ட வேண்டும். கழுவிய தண்ணீர் தெளிவாக வரும்வரை இரண்டு மூன்று தடவை. உப்புத்தாளைத் தொடாதீர்கள், டெக்ஸ்சரின் மேடுகளைச் சீவிவிடும். பெயிண்ட் அடித்ததும் அந்த இடம் மட்டும் மொழுமொழுவென்று காட்டிக்கொடுக்கும். சாம்பல் நிற ஸ்கஃப் பேட் (நார் போன்ற தேய்ப்பான்) போதும்.

அடுத்தது சிலிக்கான். வாட்டர் வாஷ் முடிந்ததும் டேஷ்போர்டில் பளபளப்பு ஏற்றித் தருகிறார்களே, அந்த பாலிஷில் பெரும்பாலும் இருப்பது சிலிக்கான் எண்ணெய். வருஷக்கணக்கில் பூசியிருந்தால் ரெக்சினின் சுருக்கங்களுக்குள் ஊறிக் கிடக்கும். பெயிண்ட் அதன் மேல் விழுந்ததும் விலகி ஓடி, வட்ட வட்டமாகக் குழி விழும். பெயிண்டர்கள் மீன்கண் என்பது இதைத்தான். ஸ்பிரிட் இதை முழுதாக எடுக்காது. பெயிண்ட் கடையில் கிடைக்கும் வேக்ஸ் அண்ட் கிரீஸ் ரிமூவர் தேவை. ஒரு துணியால் நனைத்து, காயும் முன் வேறு சுத்தமான துணியால் துடைத்தெடுக்க வேண்டும். காய விட்டால் கரைந்த எண்ணெய் இருந்த இடத்திலேயே மறுபடி படிந்துவிடும். பஞ்சு உதிராத வெள்ளை பனியன் வேஸ்ட் இதற்குப் போதும், ஒரு தடவைக்கு மேல் அதே பக்கத்தைப் பயன்படுத்தாமல் இருந்தால் சரி. என்சி தின்னர் வேண்டாம், ஏபிஎஸ்ஸைத் தின்றுவிடும். பெட்ரோல் தீப்பிடிக்கும் என்பதோடு தானும் ஒரு படலத்தை விட்டுப் போகும்.

தலை சாய்க்கும் இடத்தைத் தனியாகக் கவனியுங்கள். ஹெட்ரெஸ்ட், நடுத்தூணின் பெல்ட் பக்கம் எல்லாம் தேங்காய் எண்ணெய் குடித்துக் கிடக்கும். பெயிண்ட் முதலில் உரிவது அங்கேதான். டேஷ்போர்டில் பிள்ளையார் நின்ற இடத்தில் இரட்டைப்பக்க டேப்பின் பசையும் இருக்கும். ஹேர் டிரையரால் லேசாகச் சூடாக்கி, விரலால் உருட்டி எடுத்துவிட்டுப் பிறகு ரிமூவர். (வேலை முடிந்ததும் பிள்ளையாரைத் திரும்ப டேப்பில் ஒட்டினால், அடுத்த தடவை அவரை எடுக்கும்போது பெயிண்டும் கூடவே வரும். காந்தத் தகடோ வழுக்காத பாயோ போடுங்கள்.)

சுத்தமாகிவிட்டதா என்று தண்ணீர் ஊற்றிப் பார்ப்பார்கள். முத்து முத்தாகத் திரளாமல் பரவினால் சுத்தம் என்று கணக்கு. ரெக்சினுக்கும் ஏபிஎஸ்ஸுக்கும் இந்தக் கணக்கு ஓரளவு சரி. பிபியில் எவ்வளவு கழுவினாலும் தண்ணீர் திரளத்தான் செய்யும், அதன் குணம் அது. அங்கே முதல் தூவல் கோட்டில் குழி விழுகிறதா என்று பார்ப்பதே வழி.

எந்தப் பாகத்துக்கு எந்தத் திரவம்

எஸ்இஎம் தனித்தனியாக விற்கும் மூன்று கேன்களில் எது எதற்கு என்று குழப்பிக்கொள்கிறவர்கள் அதிகம். ரெக்சினுக்கு வினைல் பிரெப், எண் 38343. தெளித்து, ஈரமாக இருக்கும்போதே ஒரே திசையில் துடைக்க வேண்டும். ஏபிஎஸ் போன்ற கெட்டி பிளாஸ்டிக்குக்கு சேண்ட் ஃப்ரீ, 38363. இதைத் துடைக்கக் கூடாது. மெல்லிய ஈரக் கோட்டாக அடித்து, அது காய்ந்து போகும் முன்பே கலர் கோட்டின் முதல் தூவலைக் கொடுத்துவிட வேண்டும். காயவிட்டால் அதன் பிடிப்பு போச்சு. பிபிக்குப் பிளாஸ்டிக் அட்ஹெஷன் பிரமோட்டர், 39863; அல்லது நம் ஊர் பெயிண்ட் கடையில் பம்பருக்கு அடிக்கும் பிளாஸ்டிக் பிரைமர். இந்த மூன்றில் எதையும் வாங்காமல் கலர் கோட்டை மட்டும் வாங்குவது காசைக் காற்றில் விடுவது.

ஸ்ப்ரே

கேனுக்குள் குண்டு சத்தம் கேட்கத் தொடங்கியதிலிருந்து இரண்டு நிமிடம் குலுக்குங்கள். மார்கழிக் காலையில் கேன் குளிர்ந்திருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் நிறுத்தினால் துகள் நைஸாக வரும். கொதிநீர், அடுப்பு எதுவும் கூடாது.

20லிருந்து 30 சென்டிமீட்டர் தூரம். பாகத்துக்கு வெளியே தொடங்கி, குறுக்கே ஓட்டி, வெளியே போய் விரலை எடுக்க வேண்டும். ஒவ்வொரு ஓட்டமும் முந்தையதில் பாதியை மூட வேண்டும். முதல் கோட் தூவல் மட்டும். அடியில் உள்ள நிறம் பாதிக்கு மேல் தெரிய வேண்டும். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும், கை துறுதுறுக்கும், விட்டுவிடுங்கள். அடுத்த கோட்டுகளுக்குப் பிடிமானம் அதுதான். ஐந்திலிருந்து பத்து நிமிட இடைவெளியில் இன்னும் மூன்று அல்லது நான்கு கோட். டெக்ஸ்சர் உள்ள பாகத்தில் ஒரே திசையில் அடித்தால் மேடுகளின் மறுபக்கம் நிழல் விழுந்தாற்போல் பழைய நிறம் நிற்கும். அதனால் ஒரு கோட் இடவலமாக என்றால் அடுத்தது மேலிருந்து கீழாக. நாலைந்து ஓட்டத்துக்கு ஒரு தடவை நாசிலைத் துணியால் ஒற்றிவிடுங்கள். அங்கே திரளும் சொட்டுதான் பேட் நடுவில் வந்து விழுவது.

ஒரே கேனில் பளபளப்பு கூடக் குறையக் காரணம் கைதான். கிட்டே நின்று ஈரமாக அடித்தால் மினுக்கம் ஏறும், பள்ளங்களும் நிரம்பி டெக்ஸ்சர் மழுங்கும். தள்ளி நின்றால் துகள் காற்றிலேயே காய்ந்து, தொட்டால் சொரசொரக்கும். நான்கு கதவுகளையும் ஒரே நாளில், ஒரே ஆள், ஒரே தூரத்தில் அடித்தால்தான் ஒன்றாகத் தெரியும்.

ஈரக்காற்றுதான் நம் ஊரில் இந்தச் சரக்குக்கு எமன். கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பாகத்தின் மேற்பரப்பு குளிரும், காற்றின் ஈரம் அதில் படியும், கறுப்பு பெயிண்ட் பால் தெளித்த மாதிரி வெளுத்துப் பூக்கும். ஐப்பசி கார்த்திகை மழையில் சென்னையிலோ நாகர்கோவிலிலோ அடித்தால் இது நடக்க எல்லா வாய்ப்பும் உண்டு. மழை விட்ட நாளில், காலை பத்துக்கு மேல், நிழலில் அடியுங்கள். நேர் வெயிலும் ஆகாது, மேல்தோல் மட்டும் காய்ந்து உள்ளே கரைப்பான் மாட்டிக்கொண்டு பொட்டுப் பொட்டாகக் கொப்பளிக்கும். பூத்துவிட்டால் பதற வேண்டாம்: காற்று உலர்ந்த பிறகு ஒரு மெல்லிய ஈரக் கோட் கொடுத்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

துணி மாஸ்க் தூசியைத் தடுக்கும், கரைப்பான் ஆவியைத் தடுக்காது. கரி வடிகட்டி உள்ள மாஸ்க், கையுறை, திறந்த இடம், பக்கத்தில் அடுப்போ விளக்கோ இல்லாமை. இதில் சமரசம் இல்லை.

கால் மணி, அரை மணியில் தொடலாம். மாட்டுவதற்கு ஒரு நாள் பொறுங்கள். மாட்டுவதற்கு முன் மறைவான ஓரத்தில் செல்லோடேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். பெயிண்ட் கூட வந்தால் கழுவலில் கோளாறு அல்லது பிரமோட்டர் விட்டுப்போயிருக்கிறது. மேலே இன்னொரு கோட் அடிப்பதால் சரியாகாது, உரித்துவிட்டு முதலிலிருந்துதான்.

நிறம்

கறுப்புக்கு 15013, லேண்டோ பிளாக். பெரும்பாலான ஜப்பானிய, கொரியக் கார்களின் கறுப்போடு சண்டை போடாது. மற்ற நிறங்களில் எஸ்இஎம் அட்டவணை அமெரிக்கக் கார்களை ஒட்டிப் போடப்பட்டது. நம் ஊரில் ஓடும் கார்களின் பீஜுக்கும் வெளிர் சாம்பலுக்கும் கிட்டத்தட்ட என்றுதான் கிடைக்கும், அச்சாகக் கிடைக்காது. டொயோட்டா என்றால் எஞ்சின் அறையிலோ கதவுத்தூணிலோ உள்ள தகட்டில் சி/டிஆர் என்ற இடத்தில் வெளிநிறக் குறியீட்டுக்குப் பின் உள்பக்கக் குறியீடு இருக்கும். ஆனால் அது புதுக் காரின் நிறம். பக்கத்துப் பாகம் பதினைந்து வருஷம் வெளுத்தது. எனவே ஒரு பேடை மட்டும் அடிப்பது வீண். அடித்தால் நாலும் அடிக்க வேண்டும், அல்லது மேல் கீழ் இரு நிறமாகப் பிரித்து, கோடு விழும் இடத்தை நாமே தேர்ந்தெடுக்க வேண்டும். பீஜைக் கறுப்பாக்குவது சுலபம். கறுப்பைப் பீஜாக்கினால் கேன் இரட்டிப்பாகப் போகும், முதல் கீறலிலேயே கறுப்பு பல்லைக் காட்டும்.

டேஷ்போர்டின் மேல்பக்கத்தில் பீஜோ மினுக்கமோ வேண்டாம் என்பது அழகுக்காகச் சொல்வதில்லை. அதன் பிம்பம் முன்கண்ணாடியில் விழுந்து எதிர்வெயிலில் சாலையை மறைக்கும். கறுப்பு அடித்த பிறகும் மினுங்கினால் அதே நிறுவனத்தின் லோ லஸ்டர் கிளியர் ஒரு தூவல் கொடுக்கலாம்.

அடிக்கவே கூடாத இடங்கள்: ஏர்பேக் மூடி (கிழிய வேண்டிய கோட்டில் பெயிண்ட் படலம் ஏறக்கூடாது), சீட் பெல்ட், ஸ்டீரிங் பிடி, பெடல். சீட்டில் அடித்தால் முதலில் ஜோராகத்தான் இருக்கும். ஏறி இறங்கும்போது உரசும் ஓரம் சில மாதங்களில் வெடிக்கும். தோல் சீட்டுக்குத் தண்ணீர் அடிப்படையிலான, கிராஸ்லிங்க்கர் (இறுக வைக்கும் சரக்கு) கலக்கும் லெதர் பூச்சுகள் இருக்கின்றன, அவை வேறு வேலை. துணியில் அடித்தால் கஞ்சி போட்ட மாதிரி விறைத்து, உட்கார உட்கார உதிரும்.

மற்றவற்றோடு

டூப்ளி-கலரும் விஎச்டியும் 11 அவுன்ஸ் கேன்கள். கறுப்பு மட்டும் போதும், ரெக்சின் மட்டும்தான் என்றால் அவை போதும். நிறத்தேர்வில் எஸ்இஎம் முன்னே நிற்கிறது. கலர்பாண்ட் தன் பூச்சுக்குப் பிரைமர் வேண்டாம் என்கிறது. அப்படியே இருந்தாலும் கழுவும் வேலையில் ஒரு நிமிடம்கூடக் குறையாது. கடையில் மலிவாகக் கிடைக்கும் சாதா அக்ரிலிக் ஸ்ப்ரே பெயிண்டை ரெக்சினில் அடிக்காதீர்கள், அது வளையாது, முதல் கோடையில் வாய் பிளக்கும்.

உண்மையான போட்டி நம் ஊர் கார் பெயிண்டரின் 2கே, அதாவது ஹார்டனர் கலந்து அடிக்கும் மேட் பெயிண்ட்தான். கியர் கன்சோல், பவர் விண்டோ பட்டன் தட்டு மாதிரி தினம் கை படும் கெட்டி பிளாஸ்டிக்குக்கு அதையே சொல்வோம். ஹார்டனர் கலந்து இறுகியது மறுபடி கரையாது, நிறமும் மாதிரியைப் பார்த்துக் கலந்து தருவார்கள். கலர் கோட் லேக்கர் என்பதால் எதில் கரைந்ததோ அந்த மாதிரிச் சரக்கு பட்டால் மறுபடி இளகும். சானிடைசர் சொட்டும், கொசு விரட்டும் கிரீமில் உள்ள டீட்டும், சன்ஸ்கிரீன் பூசிய முழங்கையும் அதைப் பிசுபிசுப்பாக்கும். ரெக்சினில் நிலைமை தலைகீழ்: 2கே அங்கே இறுகி வெடிக்கும், கலர் கோட் பேடோடு சேர்ந்து வளையும்.

ஒரு கேன், முதல் தூவல் போக மூன்று நான்கு கோட்டில் ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர் தாங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்னக் காரின் நாலு டோர் பேடும் ஆறு பில்லர் டிரிமும் அதே நிறக் குடும்பத்தில் என்றால் நான்கு கேன், பிரெப் ஒன்று, பிரமோட்டர் ஒன்று. நிறம் மாற்றுவதென்றால் ஆறு. பாதியில் தீர்ந்து, அடுத்த கேன் வேறு பேட்ச்சில் வந்தால் நிழல் மாறலாம், மொத்தமாகவே வாங்குங்கள். ஏரோசால் கேன் விமானத்தில் அபாயச் சரக்கு. ஊருக்கு வரும் உறவினரின் பெட்டியில் வைத்துக் கொண்டுவரச் சொல்லாதீர்கள், விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள்.

மிச்சமிருக்கும் கேனைத் தலைகீழாகப் பிடித்து வெறும் வாயு வரும்வரை அடித்துவிட்டு எடுத்து வைத்தால் நாசில் அடைக்காது. டச்சப்புக்கு ஆகும் என்று அதை டிக்கியில் போட்டு வைக்க வேண்டாம். இந்த மாதிரி கேன்கள் 50 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகக் கூடாது, சித்திரை வெயிலில் பூட்டி நிறுத்திய கார் அந்தச் சூட்டை மதியத்துக்குள் தொட்டுவிடும்.